ஆற்று நிலவமைப்பு (மேசைப் போர் விளையாட்டு)

ஆற்று நிலவமைப்பு என்பது சிற்றுருப் படைவீரர்களைக் கொண்டு மேசை மீது ஆடப்படும் போர் விளையாட்டுகளில் ஆறு, ஓடை, கால்வாய், கழிமுகம் ஆகிய நீர்நிலைகளைக் குறிப்பதற்காகச் செய்யப்படும் மாதிரி அமைப்பு ஆகும். இது பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்படுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏற்றவாறு துண்டுகளை வேறு வேறு வரிசையில் இணைத்துக்கொள்ளலாம். மலை, காடு, ஊர் ஆகியவற்றின் மாதிரிகளைப் போலவே ஆற்று மாதிரியும் மேசைக்கு அழகூட்டுகிறது. எனினும் அதன் முதன்மைப் பணி அழகூட்டுவது அன்று. படை எங்கே கடக்கலாம், கடக்க எவ்வளவு நேரமாகும், கரையில் நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்பவற்றை ஆற்றின் அகலமும் கரையும் ஆழமுமே தீர்மானிக்கின்றன. ஆகவே ஆற்று மாதிரியை விளையாட்டு விதிகளின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இக்கட்டுரை ஆற்று நிலவமைப்பின் வரலாற்றையும் செய்முறையையும் விளக்குகிறது. எடுத்துக்காட்டாகக் கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் ஓடும் பழையாறும், 1809ஆம் ஆண்டில் நாகர்கோவில் அருகே நடந்த மோதலும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

வரலாறு

படைகளைப் பலகையில் நகர்த்தி ஆடும் ஆட்டம் இந்தியாவில் மிகப் பழைமையானது. சதுரங்கம் என்னும் பெயரே யானை, தேர், குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படையைக் குறிப்பதாகும். ஆனால் சதுரங்கப் பலகையில் நிலம் முழுவதும் ஒரே தன்மையுடையது. அதில் ஆறோ மலையோ இல்லை.

செருமனியின் பிரவுன்சுவைக் நகரைச் சேர்ந்த கணிதவியலாளர் யோகான் கிறித்தியான் லுத்விக் எல்விக், 1780ஆம் ஆண்டில் சதுரங்கத்தை விரிவாக்கி ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதன் பெரிய பலகையில் மலை, காடு, சதுப்பு, நீர் என ஒவ்வொரு நிலவகைக்கும் ஒரு நிறம் இருந்தது. நீருக்கு உரிய நிறம் நீலம்.

1812ஆம் ஆண்டில் பிரசிய அலுவலரான கியோர்க் லியோபோல்டு பொன் ரைசுவிட்சு, மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து அளித்தார். சாலை, ஆறு, ஊர் முதலியவை உருவாக்கப்பட்டு வண்ணம் தீட்டப்பட்ட சதுரத் துண்டுகள் அதில் இருந்தன. அவற்றை விரும்பியவாறு மாற்றி அடுக்கிப் புதிய நிலப்பரப்புகளை உருவாக்க முடிந்தது. இன்றைய துண்டு முறைக்கு இதனை ஒரு முன்னோடியாகக் கொள்ளலாம். அவருடைய மகன் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளில் மேசைக்குப் பதிலாக 1:8000 அளவுத்திட்ட நிலப்படம் பயன்படுத்தப்பட்டது. பிரசியப் படை இதனைப் பயிற்சிக்காக ஏற்றுக்கொண்டது.

பொழுதுபோக்கு என்ற வகையில், எச். ஜி. வெல்சு 1913ஆம் ஆண்டில் எழுதிய "லிட்டில் வார்ஸ்" என்னும் நூல் குறிப்பிடத்தக்கது. பொம்மை வீரர்கள், மரக்கட்டைகள், அட்டை வீடுகள், மரக்கிளைத் துணுக்குகள் ஆகியவற்றைக் கொண்டு தரையில் ஆடும் விதிகளை அது விளக்கியது. டொனால்டு பெதர்சுடோன் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட "வார் கேம்ஸ்" நூல் இவ்விளையாட்டை மேலும் பரவலாக்கியது.

தமிழ்நாட்டில் ஒத்த மரபுகள்

சிற்றுருவங்களைச் சுற்றி ஒரு நிலப்பரப்பை அமைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதியதன்று. நவராத்திரிக் கொலுவின் படிகளுக்கு அருகே சிறுவர்கள் பூங்கா அமைப்பதுண்டு. மணல் பரப்பி, கண்ணாடித் துண்டைக் குளமாகவோ ஆறாகவோ வைத்து, அதன் விளிம்பை மணலால் மறைப்பர். சில நாட்களுக்கு முன்னரே விதைத்த கடுகு, கேழ்வரகு, வெந்தயம் ஆகியவற்றின் முளைகள் வயலாகும். குழந்தைக் கண்ணனைக் கூடையில் சுமந்து வசுதேவர் யமுனையைக் கடக்கும் காட்சி கொலுக்களில் காணப்படும் ஆற்றுக் காட்சிகளுள் ஒன்றாகும்.

படைத்துறைப் பயிற்சியில் பயன்படும் மணல் மாதிரியும் இவ்வகையைச் சார்ந்ததே. தாக்குதலுக்கு முன் நிலத்தின் ஏற்ற இறக்கங்களை மணலில் உருவாக்கி, வண்ணப் பொடியாலும் நாடாவாலும் ஆறு, சாலை ஆகியவற்றைக் குறித்து வீரர்களுக்கு விளக்குவர். இந்தியத் தரைப்படையிலும் இம்முறை உள்ளது.

பொறியியல் துறையில் அணை, மதகு, ஆற்று வளைவு ஆகியவற்றை ஆராய, உண்மையாகவே நீர் ஓடும் சிறிய மாதிரிகள் கட்டப்படுகின்றன. 1916ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று புனே அருகே கடக்வாசுலாவில் உள்ள நடுவண் நீர் மற்றும் மின் ஆய்வு நிலையமும், தமிழ்நாட்டில் பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையமும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. இத்தகைய ஆற்று மாதிரிகள் பலவற்றில் கிடை அளவுத்திட்டமும் செங்குத்து அளவுத்திட்டமும் வேண்டுமென்றே வேறுபடுத்தப்படுகின்றன. அகலத்தைச் சுருக்கிய அதே விகிதத்தில் ஆழத்தையும் சுருக்கினால் நீர் ஒரு மெல்லிய படலமாகிவிடும் என்பதே இதற்குக் காரணம். விளையாட்டு மேசையிலும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுகிறது.

அளவுத்திட்டம்

போர் விளையாட்டுகளில் இரண்டு அளவுத்திட்டங்கள் ஒரே நேரத்தில் செயற்படுகின்றன.

உருவ அளவுத்திட்டம்: சிற்றுருவின் உயரத்தைப் பொறுத்தது. 28 மி.மீ. உருவங்கள் ஏறத்தாழ 1:60, 15 மி.மீ. உருவங்கள் ஏறத்தாழ 1:100, 6 மி.மீ. உருவங்கள் ஏறத்தாழ 1:300 என்ற விகிதத்தில் அமையும்.

நில அளவுத்திட்டம்: மேசையில் உள்ள தொலைவு உண்மையான நிலத்தில் எவ்வளவு தொலைவு என்பதைக் குறிப்பது. பெரிய போர்களை ஆடும்போது 1 மி.மீ. என்பது 1 மீட்டர், அதாவது 1:1000, என்பது போன்ற விகிதங்கள் பயன்படுகின்றன. 180 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் கொண்ட மேசை அப்போது 1.8 கி.மீ. × 1.2 கி.மீ. நிலத்தைக் குறிக்கும்.

30 மீட்டர் அகலமுள்ள ஆறு ஒன்றை 15 மி.மீ. உருவங்களுக்காகச் செய்வதாகக் கொள்வோம். உருவ அளவுத்திட்டத்தின்படி அது 30 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். நில அளவுத்திட்டத்தின்படி 3 செ.மீ. போதும். 30 செ.மீ. அகலமாகச் செய்தால் மேசையின் பெரும்பகுதியை ஆறே பிடித்துக்கொள்ளும். அதோடு ஒரு பிழையும் நேரும். ஏறத்தாழ 100 மீட்டர் வரை பயன்தரும் பழைய வகைத் துப்பாக்கியின் எல்லை 1:1000 விகிதத்தில் 10 செ.மீ. மட்டுமே. உண்மையில் அக்கரையில் நிற்பவரை எளிதாகச் சுட்டிருக்கக்கூடிய வீரர், மேசையில் ஆற்றின் நடுப்பகுதியைக்கூடச் சுட முடியாமல் நிற்பார். மாறாக 3 செ.மீ. அகலமாகச் செய்தால், 4 செ.மீ. அகல அடித்தளத்தில் ஒட்டப்பட்ட படைப்பிரிவு ஆற்றைவிடப் பெரிதாகத் தோன்றும்.

இதனால் 15 மி.மீ. உருவங்களுக்கு 6 முதல் 8 செ.மீ. வரையான நீர்ப்பரப்பு நடைமுறைக்கு ஏற்றதாகிறது. இந்த அகலத்தில் படைப்பிரிவு ஆற்றுக்குள் இறங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதே நேரத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரை துப்பாக்கி எல்லைக்குள் அடங்கும். அகலத்தில் நில அளவுத்திட்டத்தை ஒட்டியும், கரையின் உயரத்தில் உருவ அளவுத்திட்டத்தை ஒட்டியும் செல்வது வழக்கம். 2 மீட்டர் உயரக் கரையை 1:1000 விகிதத்தில் செய்தால் அது 2 மி.மீ. ஆகி மறைந்துவிடும்.

துண்டுகளின் வடிவமைப்பு

எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பொருந்த வேண்டுமானால் எல்லாத் துண்டுகளின் முனைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முனையில் மொத்த அகலம் 10 செ.மீ., அதில் நடுவே நீர் 7 செ.மீ., இருபுறமும் கரை தலா 1.5 செ.மீ. என்பது ஒரு வசதியான அளவு. முனையின் குறுக்குவெட்டை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் அதனோடு ஒப்பிடலாம். முனைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆறு அகலவோ குறுகவோ தடையில்லை.

ஒரு தொடக்கத் தொகுப்பில் பின்வரும் துண்டுகள் இருக்கலாம்:

- 30 செ.மீ. நேர்த் துண்டுகள் நான்கு
- 45 பாகை வளைவுத் துண்டுகள் நான்கு
- துறை உள்ள துண்டு ஒன்று
- பாலம் வைப்பதற்கேற்ற துண்டு ஒன்று
- கால்வாய் பிரியும் அல்லது ஓடை சேரும் துண்டு ஒன்று
- நீளக் குறைவை ஈடுசெய்யும் சிறிய துண்டுகள் சில

வளைவுத் துண்டின் நடுக்கோட்டு ஆரம் 30 செ.மீ. எனில், அதன் உட்கரை 25 செ.மீ. ஆரத்திலும் வெளிக்கரை 35 செ.மீ. ஆரத்திலும் அமையும், நடுக்கோட்டின் நீளம் 23.6 செ.மீ. இரண்டு வளைவுகளை எதிரெதிர்த் திசையில் இணைத்தால் ஆறு 42.4 செ.மீ. முன்னேறி, 17.6 செ.மீ. பக்கவாட்டில் நகரும். 120 செ.மீ. அகல மேசையைக் கடக்க இந்த இரட்டை வளைவும், இரண்டு நேர்த் துண்டுகளும், 17.6 செ.மீ. நீளச் சிறு துண்டு ஒன்றும் போதுமானவை.

பொருட்கள்

அடித்தளத்துக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, 2 மி.மீ. பிளாஸ்டிக் தாள், பழைய பிளெக்ஸ் பதாகை ஆகியவை பயன்படும். பலகை உறுதியானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பிளாஸ்டிக் தாள் வளையாது, உப்பாது; விலை சற்று அதிகம். பிளெக்ஸ் பதாகை சுருட்டி வைக்கத்தக்கது. மேசையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். ஆனால் அதன்மேல் கெட்டியான பூச்சு வெடிக்கும் என்பதால் நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் பூச்சையே பயன்படுத்த வேண்டும்.

கரைக்குத் தெர்மோகோல் பட்டைகள், சுவர்ப் பட்டி, மரத்தூளும் பெவிகாலும் கலந்த பசை ஆகியவை ஏற்றவை. நாணலுக்கும் கோரைக்கும் தேங்காய் நார், பழைய தூரிகையின் மயிர், துடைப்பத்தின் நுனி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தி உலர்த்திய தேயிலைத் தூள் சருகு படிந்த நிலமாகும்.

மணலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. கடற்கரை மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சை உரிக்கும். குமரி மாவட்டத்தில் மற்றொரு காரணமும் உண்டு. மணவாளக்குறிச்சி வட்டாரக் கடற்கரையின் கனிம மணலில் இல்மனைட், கார்னெட் ஆகியவற்றோடு தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்துள்ளது. மோனசைட் கதிரியக்கம் உடையது ஆதலால் அம்மணலை வீட்டு வேலைக்கு எடுக்கலாகாது. கட்டுமானத்துக்கு வாங்கிய மணலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கழுவி, உலர்த்தி, தேயிலை வடிகட்டியில் சலித்தாலே போதும்.

செய்முறை

1. அடித்தளத்தை வெட்டி, நீளவாட்டு விளிம்புகளை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். விளிம்பு தடித்திருந்தால் ஆறு நிலத்துக்குள் ஓடாமல் நிலத்தின்மேல் வைத்த பலகையாகத் தோன்றும்.

2. நீர்ப்பரப்பின் எல்லையைப் பென்சிலால் குறித்து, அதற்கு வெளியே கரையை ஒட்ட வேண்டும். வளைவில் நீரின் விசை வெளிக்கரையை அரிக்கும். உட்கரையில் வண்டலைப் படியவைக்கும். ஆகவே வெளிக்கரை செங்குத்தாகவும், உட்கரை மெல்லச் சரிந்து மணல்திட்டுடன் முடிவதாகவும் இருத்தல் வேண்டும். படை எந்தப் பக்கத்திலிருந்து எளிதில் இறங்கலாம் என்பதும் இதனால் தெளிவாகும்.

3. தெர்மோகோல் பகுதிகள் முழுவதையும் பெவிகால் பூசி மூட வேண்டும். தெளிப்பு வண்ணங்களிலும் எண்ணெய் வண்ணங்களிலும் உள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துவிடும்.

4. ஒரு பங்கு பெவிகாலில் ஒரு பங்கு நீர் கலந்து கரையில் பூசி, மணலைத் தூவி, ஒரு நாள் உலரவிட வேண்டும். கரையோரத்தில் சில சிறு கற்களை ஒட்டலாம்.

5. பலகையின் அடிப்பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். மேற்பக்கம் மட்டும் பூசினால் உலரும்போது பூச்சு சுருங்கித் துண்டு வில்லாக வளையும். குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதால் மழை மாதங்களில் உலரும் நேரம் இரட்டிப்பாகக்கூடும்.

6. கரைக்கு அடர்ந்த மண் நிறம் பூசி, உலர்ந்த பின் வெளிர்நிற வண்ணத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேலாகத் தடவினால் மணலின் முகடுகள் துலங்கும்.

நீர்ப்பரப்பு

ஆற்று நீரின் நிறம் நீலமாக அமைவது அரிது. மழைக்காலத்தில் வண்டலால் அது காவியும் பழுப்புமாக இருக்கும். கோடையில் பாசியால் கரும்பச்சையாகும். ஆழமற்ற இடத்தில் அடி மணலின் நிறமே தெரியும். நடுவில் அடர்ந்த பச்சைப் பழுப்பும், கரையை நோக்கிச் செல்லச் செல்ல வெளிர்ந்த மணல் நிறமும் பூசி, எல்லைகளை ஈரத் தூரிகையால் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். ஆழம் என்பது நிற வேறுபாட்டால் உண்டாகும் தோற்றமே. துறை உள்ள துண்டில் வெளிர்நிறம் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தொடர வேண்டும். அப்போது விளையாடுபவர் கேட்காமலே துறையை அறிந்துகொள்வார்.

நீரின் பளபளப்புக்கு இரு வழிகள் உள்ளன.

வார்னிசு: நீரால் கரையும் அக்ரிலிக் வார்னிசை மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்த பின், பூச வேண்டும். மலிவானது, மணமற்றது. கெட்டியான அக்ரிலிக் களிம்பைத் தூரிகையால் தட்டித் தட்டிப் பூசினால் சிற்றலைகள் உண்டாகும். கற்களின் கீழ்நீர்ப் பக்கத்தில் வெள்ளைக் கோடுகள் இட்டால் நீரோட்டத்தின் திசை விளங்கும்.

எப்பாக்சி பிசின்: இரண்டு நீர்மங்களைக் குறித்த விகிதத்தில் கலந்து ஊற்றுவது. 30 செ.மீ. நேர்த் துண்டில் 7 செ.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. ஆழம் ஊற்ற ஏறத்தாழ 63 மி.லி. தேவைப்படும். முனைகளை நாடாவால் அடைத்து, துண்டை நீர்மட்டம் பார்த்து வைக்க வேண்டும். பிசின் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். ஒரே முறையில் தடிமனாக ஊற்றினால் மஞ்சளிக்கவோ விரிசல் விடவோ கூடும். ஆதலால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றுவதே முறை.

கடவைகள்

ஆற்றைக் கடக்கும் இடங்களே ஆட்டத்தில் போர் மூளும் இடங்கள். அவை நான்கு வகைப்படும்.

துறை: ஆழம் குறைந்து நடந்து செல்லத்தக்க இடம். குமரி மாவட்ட வழக்கில் ஆற்றைக் கடக்கும் இடம் கடவு எனவும் வழங்கும். இரு கரைகளிலும் வண்டித் தடம் இறங்கி ஏற வேண்டும்.

பாலம்: தனிப் பொருளாகச் செய்து ஆற்றின் குறுக்கே வைப்பது நல்லது. சிற்றுருவின் அடித்தளத்தைவிடப் பாலம் சற்றேனும் அகலமாக இருக்க வேண்டும்.

அணைக்கட்டு: பாசனத்துக்காக ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட தாழ்ந்த கல்லணை. மேல்நீர்ப் பக்கம் ஆழமாகவும் கீழ்நீர்ப் பக்கம் பாறையும் ஆழமற்ற நீருமாகவும் இருக்கும். அணையின் முகட்டில் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடக்கலாம். பீரங்கி கடக்க இயலாது.

படகுத்துறை: குறைந்த எண்ணிக்கையிலான வீரர்களைச் சில சுற்றுகளில் கடத்த உதவும்.

விளையாட்டு விதிகளில் ஆறு

பெரும்பாலான விதித்தொகுப்புகளில் ஆற்றைக் கடக்கும் படைப்பிரிவின் வேகம் குறைகிறது; அணிவகுப்பு குலைகிறது; எதிர்க்கரையில் நிற்பவருக்குக் கைகலப்பில் மேம்பாடு கிடைக்கிறது. 1990ஆம் ஆண்டு வெளிவந்த "டி பெல்லிசு ஆண்டிகுவிடாட்டிசு" என்னும் பண்டைக்காலப் போர் விதித்தொகுப்பில், ஆறு எளிதில் கடக்கத்தக்கதா இல்லையா என்பது முதற்படை அதில் இறங்கிப் பகடை உருட்டிய பின்னரே தெரியும். ஆற்றின் ஆழத்தைக் கரையில் நின்று அறிய முடியாத படைத்தலைவரின் நிலையை இவ்விதி நன்கு காட்டுகிறது. எவ்விதியானாலும் ஆட்டம் தொடங்கும் முன்னரே ஆற்றின் எல்லை கரையின் மேல்விளிம்பா, நீரின் விளிம்பா என்பதை இரு தரப்பினரும் பேசி முடிவு செய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டு: நாஞ்சில் நாட்டுப் பழையாறு, 1809

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறுகள் நீளம் குறைந்தவை. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொலைவு குறைவு என்பதால் ஒரே ஆறு சில மணி நேர நடைத்தொலைவுக்குள் பாறை ஓடையாகவும், வயலாறாகவும், கழிமுகமாகவும் மாறுகிறது. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகின்றன. வேளிமலையில் தோன்றும் வள்ளியாறு கடியப்பட்டணம் அருகே கடலில் கலக்கிறது. பழையாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தோன்றி, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீரூட்டி, நாகர்கோவிலின் ஓரமாகவும் சுசீந்திரம் வழியாகவும் சென்று மணக்குடியில் கடலை அடைகிறது.

1809ஆம் ஆண்டில் இப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. தலக்குளத்தில் பிறந்தவரும் திருவிதாங்கூரின் தளவாயுமான வேலுத்தம்பி, பிரித்தானிய கிழக்கிந்தியக் கம்பனியின் ஆதிக்கத்தை எதிர்த்து 1809 சனவரியில் குண்டறையில் அறிக்கை வெளியிட்டார். கர்னல் செயின்ட் லெச்சர் தலைமையிலான கம்பனிப் படை கிழக்கிலிருந்து வந்து, பெப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாயின் அரண் வரிசையைக் கைப்பற்றியது. மேசர் ஜேம்சு வெல்சு தலைமையிலான வீரர்கள் இரவில் குன்றின்மேல் ஏறித் தாக்கியதே இதற்கு வழிவகுத்தது. அடுத்த கட்டமாக, நாட்டின் உட்பகுதிக்குச் செல்லும் வழியைக் காக்கத் திருவிதாங்கூர்ப் படை கோட்டாறு, நாகர்கோவில் ஆகிய ஊர்களைச் சார்ந்து நிலைகொண்டது. முன்னே ஆறு, அணுகும் வழியை நோக்கிப் பீரங்கிகள் என அந்நிலை அமைந்திருந்தது. கர்னல் மக்லியோடு தலைமையில் கம்பனியின் முன்னணிப் படை தாக்கியபோது அந்நிலை வீழ்ந்தது. பெப்ரவரி 19 அன்று உதயகிரி, பத்மனாபபுரம் கோட்டைகளும் கம்பனி வசமாயின.

ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் வழியின் குறுக்கே ஓடுவது பழையாறு. இம்மோதலை மேசையில் அமைப்பவர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பருவம்: பெப்ரவரியில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், நீர் வடிந்துகொண்டிருக்கும் காலம் அது. ஆற்றில் மணல்திட்டுகள் காட்டப்பட வேண்டும். நாஞ்சில் நாட்டின் இரு நெற்பருவங்களுள் கும்பப்பூ, அதாவது மாசி மாத அறுவடைக்குரிய பயிர், விளைந்து நிற்கும் அல்லது அறுக்கப்படும் நேரம். ஆகவே கரையோர வயல்கள் பச்சையாக அன்றிப் பொன்னிறமாகவோ அரிதாள் நிறமாகவோ இருத்தல் பொருந்தும்.

காலம்: பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டிலும் மாத்தூர்த் தொட்டிப்பாலம் 1966ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பட்டவை. இன்றைய நிழற்படங்களைப் பார்த்து ஆற்றை அமைக்கும்போது தற்காலப் பாலங்கள், கற்காரைக் கரைகள், சீரான கால்வாய் மதகுகள் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும்.

தாவரம்: தென்னை, பனை, வாழை ஆகியவற்றோடு புதர்களும் அடர்ந்திருக்கலாம். காவற்படைக்குப் பின்னே அடர்ந்த புதர்க்காடு ஒன்றை வைத்தால், பின்வாங்கும் படைக்கு மறைவும் துரத்தும் குதிரைப்படைக்குத் தடையும் ஆகும்.

துறை: கம்பனித் தரப்பு துறையைத் தேடிக் கண்டறிய வேண்டும். ஆட்ட நடுவர் மூன்று துண்டுகளில் ஒன்றைத் துறையாகத் தேர்ந்து தாளில் எழுதி மறைத்து வைத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூர்த் தரப்புக்கு மட்டும் அது முன்னரே தெரிவிக்கப்படும்.

இந்த எடுத்துக்காட்டில் மாதிரியின் வடிவமே வரலாற்றைப் பற்றிய ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. ஆற்றைக் கடக்கவே முடியாததாகச் செய்தால், நிலை வீழ்ந்ததை விளக்க முடியாது. வெறும் நீல நாடாவாகச் செய்தால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த திருவிதாங்கூர்ப் படைத்தலைவர்கள் போர் அறியாதவர்கள் போலத் தோன்றுவர். உண்மையில் அவர்கள் தேர்ந்த நிலை வலிமையானது. அவர்களுக்கு முன்னரே ஆரல்வாய்மொழி அரண் கைநழுவியிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கடப்பதற்கு அரியது, ஆயினும் கடக்கத்தக்கது என்ற நிலையில் ஆற்றை அமைத்து, திருவிதாங்கூர்ப் படைப்பிரிவுகளின் மனவுறுதிக்கு உரிய எண்ணைச் சற்றுக் குறைத்து வைப்பதே அந்நாளின் நிலைமைக்கு நெருக்கமானதாகும்.

இம்மாவட்டத்தின் மற்றொரு புகழ்பெற்ற போரான 1741ஆம் ஆண்டின் குளச்சல் போர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே கடற்கரையில் நடந்தது. அதற்கு ஆற்றைவிடக் கடற்கரை நிலவமைப்பே முதன்மையானது.

கழிமுகம்

பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் கழிமுகம், ஆற்றுத் துண்டுகளையும் கடற்கரைத் துண்டுகளையும் இணைப்பதற்கு நல்ல முன்மாதிரி ஆகும். நீர்வரத்துக் குறைந்த காலத்தில் அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மழைவெள்ளம் வரும்போது அது உடையும். இவ்வாறு மணல் அடைத்துத் திறக்கும் முகத்துவாரத்தைப் பொழி அல்லது பொழிமுகம் என்பர். எனவே எடுத்து வைக்கத்தக்க மணல்மேட்டுத் துண்டு ஒன்றைத் தனியாகச் செய்தால் ஒரே கழிமுகத்தை மூடியும் திறந்தும் ஆடலாம். மூடிய பொழியின்மேல் படை நடந்து செல்லலாம். திறந்த பொழியில் படகு தேவை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் மணக்குடியில் இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. கடலும் ஆறும் கூடும் இடத்தின் உருவம் நிலையற்றது என்பதற்கு இது அண்மைக்காலச் சான்றாகும்.

பொதுவான குறைகள்

- ஆறு மேசையின் நடுவில் காரணமின்றித் தொடங்குவது அல்லது முடிவது. ஊற்று, குளம், மேசை விளிம்பு இவற்றுள் ஒன்றில் மட்டுமே தொடக்கமும் முடிவும் அமையலாம்.
- ஆறு மேட்டின்மேல் ஏறி இறங்குவது. குன்றுகளை வைக்கும் முன் ஆற்றை வைத்தால் இப்பிழை நேராது.
- இரு கரைகளும் ஒரே உயரத்தில், ஒரே சரிவில் இருப்பது.
- நீரோட்டத்தைக் காட்டும் அலைக்கோடுகள் துண்டுக்குத் துண்டு எதிர்த்திசையில் இருப்பது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஓர் அம்புக்குறி இட்டால் இதனைத் தவிர்க்கலாம்.
- மேசை விளிம்புக்கு இணையாக, எவருக்கும் தடையாகாத இடத்தில் ஆறு ஓடுவது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

எப்பாக்சி பிசினைக் கையாளும்போது நைட்ரைல் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். சிறுவர்கள் அதைத் தனியே கையாளக் கூடாது. இறுகிய பிசினையும் எம்.டி.எஃப். பலகையையும் தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் முகமூடி தேவை. தெர்மோகோலைச் சூடான கம்பியால் வெட்டும்போது எழும் புகையையும் சுவாசிக்கலாகாது. வண்ணம் கழுவிய நீரையும் மிஞ்சிய பிசினையும் வாய்க்காலிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. பிசினை இறுகவிட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

பளபளப்பான இரு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். துண்டுகளுக்கு இடையே பட்டர் தாள் இட்டு, படுக்கை நிலையில், வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா உலர்த்திப் பைகளை இட்டால் பூஞ்சை பிடிக்காது.

இவற்றையும் பார்க்க

- சதுரங்கம்
- கொலு
- பழையாறு
- நாஞ்சில் நாடு
- வேலுத்தம்பி தளவாய்
- குளச்சல் போர்
- உதயகிரிக் கோட்டை